ஐநூறு ரூபாயும் ஒரு தூக்கு சாம்பாரும்

வணக்கம் அண்ணே,
தாராவில இட்லி, மெதுவடை போட்டு சைக்கிள்ல விக்க அனுப்புறேன். ரெண்டு பசங்க, ஒரே ஊர்க்காரனுங்க, ஒருத்தன் சயான் பக்கம் போவான், இன்னொருத்தன் மாட்டுங்கா. வாரத்துல யார் அதிகம் விக்கிறானோ அவனுக்கு 500 ரூபாய்னு சொல்லி, தினமும் கணக்கை போர்டுல எழுதுனேன். முன்னாடி ஒருத்தனுக்கு சாம்பார் தீந்தா இன்னொருத்தன் ஊத்திக் குடுப்பான், இப்போ போன் பண்ணா கூட எடுக்குறதில்ல. பசங்க கெட்டுட்டாங்களா?
ஒரு வாசகர், தாராவி

தம்பி,
கெட்டுட்டாங்களான்னு கேட்டது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. அவங்க மாறல, பரிசுதான் மாறிருக்கு. இவன் சாம்பார் ஊத்துனா அவன் இன்னும் 20 இட்லி விப்பான், இவனோட 500 போயிடும், அப்புறம் எப்படி போனை எடுப்பான்?

1966ல வெளியான ஒரு ஆய்வுக்காக மெக்ளின்டாக், மெக்நீல்னு ரெண்டு ஆய்வாளர்கள் பெல்ஜியத்துல மாணவர்களை ஜோடி ஜோடியா வச்சு ஒரு விளையாட்டு நடத்துனாங்க. ரெண்டு பேரும் ஒத்துப்போனா ஆளுக்கு 6 பாயிண்ட், ஒருத்தர் மட்டும் காலை வாரினா அவருக்கு 5, மத்தவருக்கு 0, ரெண்டு பேரும் வாரினா ரெண்டு பேருக்கும் 0. நல்லா பாருங்க, காலை வாருறதால தனக்கு ஒரு பாயிண்ட் கூட ஏறாது, குறையத்தான் வாய்ப்பு, கிடைக்கிறது அடுத்தவனை விட முந்தி நிக்கிறது மட்டும்தான், அதுக்காகவே நிறைய பேர் வாரினாங்க! எதிராளி ஸ்கோரையும் சேர்த்துக் காட்டுனப்போ இது இன்னும் கூடுச்சு, கிடைக்கிற காசு பெருசா இருந்தப்போ ஒத்துப்போறது கூடுச்சு. முந்தினா பரிசுன்னு அங்க யாரும் சொல்லவே இல்ல. நீங்க முந்துறதுக்கே 500 வச்சு, போர்டும் மாட்டிட்டீங்க.

அதனால முதல்ல போர்டை எடுங்க. ஒவ்வொருத்தனுக்கும் வித்ததுக்கு ஏத்த கமிஷன் தனியா குடுங்க, இல்லன்னா ஒருத்தன் உழைக்க ஒருத்தன் சும்மா இருக்கான்னு புகார் வரும். அதுக்கு மேல ரெண்டு பேர் வித்ததையும் கூட்டி, ஒரு அளவைத் தாண்டுனா ஆளுக்கு 300னு வைங்க. செலவு 100 ரூபாய் கூடும், ஆனா மீந்து கொட்டுற இட்லி குறையும்ல.

ஒண்ணு மட்டும், உடனே சரியாகும்னு எதிர்பாக்காதீங்க. 1980 வாக்குல ஆக்செல்ராட்னு ஒரு அமெரிக்க அரசியல் ஆய்வாளர், ஒத்துப்போறதா காலை வாருறதான்னு புரோகிராமுங்களை மோதவிட்டு நடத்துன கம்ப்யூட்டர் போட்டில ஜெயிச்சது, முதல்ல ஒத்துப்போய் அப்புறம் எதிராளி போன தடவை செஞ்சதையே திருப்பிச் செய்யுற சின்ன புரோகிராம், அதுல சிக்கல் என்னன்னா அதே மாதிரி ரெண்டு பேர் ஆடும்போது ஒருத்தர் ஒரு தடவை வாரிட்டா, நீ குடுக்கல நானும் குடுக்கலன்னு ஓடிக்கிட்டே இருக்கும். உங்க பசங்க இப்போ அங்கதான் நிக்கிறாங்க. யாராவது ஒருத்தன் முதல்ல குடுத்தாதான் இது நிக்கும், அதனால நாளைக்கு சயான் போற பையன் சைக்கிள்ல ஒரு தூக்கு சாம்பார் கூடுதலா வச்சு, மாட்டுங்கால இன்னொருத்தன் கையில குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.