குத்தகைக்கு எடுத்த பெயர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பாபநாசம் வட்டத்தைச் சேர்ந்தவன். பொறியியல் முடித்துச் சென்னையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். தந்தையின் உடல்நிலை காரணமாக ஊருக்குத் திரும்பிவிட்டேன். சென்ற தை மாதம் சம்பா நெல் போட்ட பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பிறகு விற்கலாம் என்று, முதலாண்டுச் சலுகை விலையில் 64 டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிப் பெயர்களை, வாங்கினேன். பெரும்பாலானவை ஊர்ப் பெயரோடு தொழிலின் பெயரைச் சேர்த்தவை. கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாக நடக்கும் ஒரு பாத்திரக்கடையின் பெயரும் அவற்றில் உண்டு. அந்தக் கடைக்காரரிடம் 2 லட்சம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இதுவரை எதுவும் விற்கவில்லை. ஆனால் ஒரு பெயருக்கு 40,000 டாலர் தருவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. 180 டாலர் கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொல்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து இன்னும் 200 பெயர்கள் வாங்கலாமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த மின்னஞ்சல். அதற்குப் பதில் எழுதாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். பெயர் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் விலையைத்தான் பேசுவாரே தவிர, தாம் சொல்லும் தளத்தில் சான்றிதழ் வாங்கி வரும்படி விற்பவரைக் கேட்கமாட்டார். அந்த 180 டாலர்தான் அவர்களுடைய வியாபாரமே. அது கைக்குப் போனதும் 40,000 டாலர்க்காரர் காணாமற்போய்விடுவார். ஒழுங்கான விற்பனையில் வாங்குபவர் முதலில் எஸ்க்ரோ என்ற பொதுக் கணக்கில் பணத்தைப் போடுவார். பெயர் அவர் கைக்கு மாறியபின் அந்தப் பணம் உங்களுக்கு வரும்.

நகையை அடகு வைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

தஞ்சாவூர்ச் சாலையில் நெல் விளைந்த வயல்களில் கல் நட்டு, கொடி கட்டி, மனை போட்டு விற்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆதலால் டொமைனையும் மனை வாங்கிப் போடுவதைப் போலவே எண்ணிவிடுகிறோம். மனைக்குப் பட்டா உண்டு. டொமைனுக்குப் பட்டா கிடையாது. உங்களிடம் இருப்பது குத்தகை மட்டுமே. அதையும் ஒரே நேரத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல் எவரும் எடுத்து வைத்திருக்க முடியாது. குறுவை விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை நெல்லை அளந்துதானே ஆகவேண்டும்? உங்கள் 64 பெயர்களுக்கும் வரும் தையில் சலுகை இராது. ஒன்றுக்கு 1,200 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 76,800 ரூபாய் ஆகிறது. இத்தொழிலில் பழகியவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, நூறு பெயர் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ விலைபோகும் என்பதுதான். அப்படியானால் உங்களுக்கு விற்கக்கூடிய அந்த ஒரே ஒரு பெயர் மற்ற 63 பெயர்களின் குத்தகையையும் பெயரை விற்றுத்தரும் சந்தைத் தளத்தின் கமிஷனையும் சேர்த்துச் சுமந்தாக வேண்டும்.

2019இல் வாய்ஸ்.காம் என்ற பெயர் 3 கோடி டாலருக்கு விலைபோனது உண்மை. அது அன்றாட ஆங்கிலச் சொல்; அப்படிப்பட்ட சொற்களை முந்தி வந்தவர்கள் எப்போதோ பதிந்துகொண்டுவிட்டார்கள். 1995 செப்டம்பர் வரை டாட் காம் பெயர்களுக்குக் கட்டணமே இருந்ததில்லை. இன்று டாட் காமில் மட்டும் 15 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் பதிவாகியிருக்கும்போது, ஒருவரும் தொடாமல் நமக்கென்று மிஞ்சியிருக்கும் பெயரை ஏன் ஒருவரும் தொடவில்லை என்று கேட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பாத்திரக்கடையின் பெயரைப் பற்றி எழுதியதுதான் எனக்கு மனவருத்தம் தந்தது. 1999இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு டொமைன் தகராறு விதிகளின்படி, ஒருவருடைய வணிகப் பெயரை, பதிந்த செலவுக்கு மேல் விலை வைத்து அவருக்கே விற்கும் நோக்கத்தோடு பதிவு செய்வது தீய எண்ணத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படும். நீங்கள் 2 லட்சம் கேட்டு எழுதும் கடிதமே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும். பெயரும் கைவிட்டுப் போகும். டாட் இன் பெயர்களுக்கும் இதேபோல் தனி விதிகள் உண்டு. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். மூன்று தலைமுறை உழைத்துச் சேர்த்த பெயர் அது, நம் ஊர்க்காரருடையது.

பெயரை இழந்தவரின் நிலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறை ஒன்றுக்கு அடிக்கடி போவேன். ஆற்று வண்டல் மண்ணில் அச்சுக் கட்டி, பித்தளையை உருக்கி ஊற்றி, விளக்கின் உச்சியில் நிற்கும் அன்னத்தின் கழுத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டுத் தம் கைபேசியை என்னிடம் நீட்டினார். அவருடைய தளம் இருந்த இடத்தில் ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தளம் அமைத்துக் கொடுத்தவர் டொமைனைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகளெல்லாம் அவருக்கே போயின, அவர் கவனிக்கவில்லை. டாட் காம் பெயர் காலாவதியானாலும் உடனே பறிபோய்விடாது. பதிவு நிறுவனம் தரும் தவணை சில வாரங்கள், அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்பதற்கு 30 நாள், கடைசியாகப் பதிவேட்டிலிருந்து நீங்குவதற்கு 5 நாள் என்று படிப்படியாகத்தான் சந்தைக்கு வரும். அத்தனை நாளும் பட்டறைக்காரருக்கு ஒரு வார்த்தை தெரியாது. எங்கோ இருந்த ஒருவர் எடுத்துக்கொண்டார். “என் பேருதானேங்க அது” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தம்பி, உங்களுக்குத் தெரிந்த வேலைக்கு இங்கேதான் இடம் இருக்கிறது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள், திருபுவனத்தில் பட்டு நெய்பவர்கள், வெற்றிலை அனுப்புகிறவர்கள் எனப் பலருக்கும் தம் டொமைன் எவர் பெயரில் இருக்கிறது, எந்த நாளில் முடிகிறது என்பதே தெரியாது. அதைப் பார்த்துச் சொல்வதற்கும், அவர்கள் பெயருக்கு மாற்றித் தருவதற்கும், ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்கும் நியாயமான கூலி வாங்குங்கள். அது மாதாமாதம் வரும் பணம். பெயர் வியாபாரத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை. ஒருவருக்கும் சொந்தமல்லாத பொதுச்சொல்லாக, வாயால் சொன்னால் காதால் கேட்டு எழுதக்கூடியதாக, வாங்கக்கூடிய பத்துப் பேரையாவது நீங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருக்கும் பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 64இல் அப்படி ஐந்தாறு தேறலாம். மற்றவற்றைத் தையில் புதுப்பிக்காமல் விட்டுவிடுங்கள்.

பாத்திரக்கடைக்கு இந்த வாரமே நேரில் போங்கள். பதிந்து 60 நாள் கடந்துவிட்டதால் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கும் மாற்ற முடியும்; பெயர் வேறிடம் போகாமல் தடுக்கும் பூட்டைக் கணக்கில் எடுத்துவிட்டு, மாற்றத்துக்குரிய குறியீட்டை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். நீங்கள் கட்டிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்காதீர்கள். கடைக்காரருடைய சொந்த மின்னஞ்சலிலேயே கணக்குத் திறந்து, அவர் கண்முன்னால் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.