ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்காவில் எப்போதும் கண்ணை இடுக்கிச் சிரிப்பவன் ஏன் வில்லனாகிறான்?

இந்த வகைக்கு ஜப்பானிய மொழியில் 'இதோமே' என்று பெயர். இதோ என்றால் நூல், மே என்றால் கண். கண் இருக்கும் இடத்தில் வளைந்த ஒரு கோடு, அவ்வளவுதான்.

மாங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பாத்திரத்தின் மனதை வாசகர் படிப்பது கருவிழியில்தான். அதை மறைத்துவிட்டால், வாய் சிரித்தாலும் உள்ளே என்ன ஓடுகிறதென்று பிடிபடாது. கூலிங்கிளாஸைக் கழற்றாமலே நம்மிடம் விலை பேசுபவரைப் போல.

'பிளீச்' மாங்கா தொடரின் இச்சிமாரு கின் அச்சு அசல் உதாரணம்: மேற்கு ஜப்பான் பேச்சுவழக்கு, நரிச் சிரிப்பு. அவன் கண் திறக்கும் கட்டம் அபூர்வம், அதனால்தான் அங்கே பக்கம் புரட்டும் கை நிற்கிறது. அத்தியாயத்துக்கு ஒருமுறை திறந்தால் மிரட்டல் நீர்த்துப்போகும். புதிதாக வரைபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

நூல்கண் என்றாலே துரோகி என்று முடிவுகட்டிவிட வேண்டாம்: போக்கிமோனின் புராக், தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப்போடும் அண்ணன்.