வாக்கு என்ன மொய்ப் பணமா?

கேள்வி: ஆம்பூரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். வாசகர்கள் வாக்கு போட்டுச் செய்திகளை மேலே ஏற்றும் தளம் ஒன்றில், பாலாற்றில் கலக்கும் தோல் கழிவைப் பற்றி எழுதினேன். மூன்றே வாக்கு. அதே நாளில் ஒரு நடிகரின் கட்-அவுட் படம் முதல் பக்கத்துக்குப் போனது. அவர்கள் வாட்ஸ்அப் குழு வைத்து வாக்கு போடுகிறார்களாம். நாமும் 20 பேர் சேர்ந்து அப்படிச் செய்யலாம் என்கிறார்கள் நண்பர்கள். நானும் வேறு பெயரில் இரண்டு கணக்கு திறந்துவிட்டேன். நல்ல விஷயத்துக்குத்தானே, தப்பா?

பதில்: தம்பி, மனம் வெந்து எழுதியதற்கு மூன்று வாக்கு என்றால் யாருக்கும் வலிக்கும். ஆனாலும் அந்தக் குழு வேண்டாம். அந்த இரண்டு கணக்கையும் இன்றைக்கே மூடிவிடுங்கள்.

கல்யாணத்தில் மொய் நோட்டைப் பார்த்துத் திருப்பி வைக்கிறோம். உறவு ஓட அது வேண்டும். வாக்கு அந்த நோட்டில் சேராது. "நான் படித்தேன், நீங்களும் படிக்கலாம்" என்று முகம் தெரியாத ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது அது. படிக்காமல் போட்ட 20 வாக்கில் அந்தச் சொல் இல்லை.

இருபதில் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றும். இதே போல வாசகர் வாக்கில் ஓடும் ரெடிட் என்ற தளம், பதிவுகளை வரிசைப்படுத்த முன்பு வெளியிட்ட கணக்கில், முதல் 10 வாக்கு ஒரு பதிவை எவ்வளவு ஏற்றுமோ, அதே அளவு மறுபடி ஏற இன்னும் 90 வாக்கு வேண்டும். ஆரம்பத்தில் விழும் வாக்குக்குத்தான் எடை. அதே நேரத்தில் குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் தன் கூலியைப் பற்றி எழுதியிருந்தால், அவர் இடத்தில்தான் நீங்கள் ஏறி உட்காருவீர்கள்.

2013-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு சோதனையைப் படித்ததிலிருந்து இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இப்படிப்பட்ட ஒரு தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்து, அவற்றில் சிலவற்றுக்குத் தரம் பார்க்காமல் ஆய்வாளர்களே ஓர் ஆதரவு வாக்கு போட்டார்கள். ஒன்றே ஒன்று. அடுத்து பார்த்தவர் தானும் ஆதரவு வாக்கு போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. வேண்டுமென்றே போட்ட எதிர் வாக்கையோ பின்னால் வந்தவர்கள் சரிக்கட்டிவிட்டார்கள். அநியாயமாக இறக்கியதைக் கூட்டம் தூக்கிவிடுகிறது. அநியாயமாக ஏற்றியதை யாரும் இறக்குவதில்லை, தம்பி.

மாட்டினால் என்ன ஆகும் என்பதை நம் ஊரே பார்த்திருக்கிறது. 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டு வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது. காசு வாங்காதவரும் அதுவரை காத்திருந்தார். ஒரே கூட்டம் சில நிமிடத்துக்குள் வாக்கு போட்டால் தளத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பதிவைத் தூக்கினால், உண்மையாகப் படித்துப் போட்ட அந்த மூன்று பேரின் வாக்கும் சேர்ந்து போகும்.

நடிகர் குழுவைப் பற்றிச் சான்று இருந்தால் நிர்வாகிகளுக்குத் தனியாக எழுதுங்கள். பொதுவில் சண்டை வேண்டாம்.

அப்புறம், பதிவைத் திரும்ப எழுதுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்டில், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் தோல் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றிய வழக்கு அது. அதை எழுதுங்கள். அந்த 20 நண்பர்களிடம் வாக்கு கேட்காதீர்கள். ஆற்றோரமாக ஆளுக்கு ஒரு கிணற்றைப் பார்த்து, தண்ணீரைப் படம் எடுத்து, அந்தத் தண்ணீரை இப்போது எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கிணற்றுக்காரரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள், முழுக்கப் படிக்கிறேன்.