கதை மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பொழுதுபோக்காகத்தான் கதை எழுதுகிறேன். உற்சாகமாகத் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது. நோட்டு முழுக்கப் பாதிக் கதைகள். வர்ணனை அழகு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கோளாறு எங்கே?
- வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: முதல் இரண்டு பக்கங்களை உங்கள் நினைவு எழுதித் தந்துவிடுகிறது. வீடு, தெரு, மழை, அம்மாவின் குரல் எல்லாம் கையிருப்பு. அது தீர்ந்ததும் கதையில் ஏதாவது நடந்தாக வேண்டும். யாருக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யாததால் பேனா அங்கே நிற்கிறது.

நின்றுபோன கதைகளில் ஒன்றை மட்டும் எடுங்கள். தனித்தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. உதாரணத்துக்கு, அல்சூரில் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அம்மா; ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கிய மகன் அந்த வீட்டை விற்கச் சொல்கிறான். இதுவரை இருப்பது வெறும் நிலைமை. இன்று மாலை நாலு மணிக்கு புரோக்கர் முன்பணத்தோடு வருகிறார் என்று வையுங்கள். காலையிலிருந்து அந்த அம்மா செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பொருள் வந்துவிடும். பத்திரத்தைத் தேடி எடுக்கிறாரா, ஒளித்து வைக்கிறாரா? விற்கப்போகும் வீட்டு வாசலில் எதற்காக இவ்வளவு பெரிய கோலம் போடுகிறார்? உங்களுக்கு நன்றாக வரும் வர்ணனைக்கும் அப்போது வேலை கிடைக்கும்.

அடுத்து, கடைசிக் காட்சியை இப்போதே 150 சொல்லில் எழுதிவிடுங்கள். சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு மாற்றலாம். போய்ச் சேரும் இடம் தெரிந்தால் நடுவில் எது வேண்டாம் என்பதும் தெரியும். முழுதாக முடிக்கும் முதல் கதைக்கு 1200 முதல் 1500 சொல், இரண்டு மூன்று பேர், ஒரே இடம், ஒரே நாள் போதும். ஒரு தடவை உட்கார்ந்தால் 300 சொல் என்று வைத்தால் ஐந்து தடவையில் முடிந்துவிடும்.

உட்காரும்போதெல்லாம் முதல் பத்தியிலிருந்து திருத்துகிறீர்களா? நிறையப் பேரின் கதை அதனால்தான் நகர்வதில்லை. கடைசி அரைப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேலே எழுதுங்கள். எழுந்திருக்கும்போது, அடுத்த வரி தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். திணறும் இடத்தில் நிறுத்தினால் மறுநாள் உட்காரவே மனசு வராது. மற்ற பாதிக் கதைகளைக் கிழித்துவிடாதீர்கள். ஒன்றில் வேலையில்லாமல் நிற்கும் மாமாதான் இன்னொன்றில் குறையாக இருக்கும் தடையோ என்னவோ.

கேள்வி: என் கதையில் வருகிறவர்கள் வீட்டில் தமிழ், ஆட்டோவில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ் பேசுகிறார்கள். எல்லாவற்றையும் தமிழாக்கினால் பொய்யாகத் தெரிகிறது. அப்படியே எழுதினால் மதுரையில் இருக்கும் அண்ணிக்குப் புரிவதில்லை.
- வாசகர், கே.ஆர். புரம்

பதில்: பெங்களூரில் இருந்து எழுதுபவர்களுக்கு இது பெரிய சொத்து. உரையாடலின் முதல் வரியை மட்டும் கன்னடத்தில் வையுங்கள். "எல்லிகெ ஹோக்பேகு சார்?" என்று டிரைவர் கேட்க, "சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட்" என்று பதில் வந்ததும் அண்ணிக்குக் கேள்வி புரிந்துவிடும். பிறகு தமிழிலேயே எழுதிக்கொண்டு போகலாம். வாக்குவாதம் முற்றும்போது மறுபடி ஒரு வரி. அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போடாதீர்கள், காட்சி அறுந்துவிடும். தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் குடும்பங்களின் தமிழில் கன்னடச் சொற்கள் இயல்பாகக் கலந்திருக்கும். அந்தப் பேச்சைக் கதையில் ஒருவருக்கு மட்டும், பாட்டிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்தால் பெயர் போடாமலே அவர் குரல் தெரியும். யார் எந்த நேரத்தில் மொழி மாறுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அம்மாவிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்த மகன், வீட்டு விலைப் பேச்சு வந்ததும் இங்கிலீஷுக்குத் தாவினால் அவன் மனநிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆபீஸ் போகும்போது மெட்ரோவில், போனில் எழுதுகிறேன். வாயால் சொல்லித் தட்டச்சு செய்வது சரிப்படுமா?
- வாசகி, பையப்பனஹள்ளி

பதில்: வீட்டில் சரிப்படும். வண்டிக்குள் இரைச்சலில் சொற்கள் மாறிவிடும். மேற்கோள்குறியும் பத்திப் பிரிவும் ஒழுங்காக விழாததால் அன்றிரவே பிரித்து வைக்க வேண்டும்; இல்லையென்றால் எந்த வரியை யார் பேசினார் என்று உங்களுக்கே தெரியாது. தொடர்ந்து எழுதுவதானால் தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும்.

கேள்வி: கதையில் வரும் மாமியார் தான்தான் என்று என் மாமியார் வருத்தப்படுகிறார்.
- பெயர் வேண்டாம், ஜெயநகர்

பதில்: பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஆளைக் காட்டிக்கொடுப்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியமும் கை அசைவும்தான். முதலில் அவற்றை எடுத்துவிட்டு வயது, ஊர், வேலை மூன்றையும் மாற்றுங்கள். ஒருவரின் பேச்சு, இன்னொருவரின் சிக்கனம், மூன்றாமவரின் பயம் என்று சேர்க்கும்போது, நீங்கள் நினைத்தே பார்க்காததை அந்தப் பாத்திரம் பேசத் தொடங்கும். எழுதுவதில் அதற்கு ஈடான சந்தோஷம் வேறில்லை. அதோடு, மாமியார் பக்கம் நியாயம் இருக்கும் காட்சி ஒன்றையாவது சேருங்கள். அதை எழுதிய பிறகு மருமகளின் வசனங்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.