மார்ச் வெயிலை நம்பி விதைக்காதே

குலசேகரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். கணவர் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் வேலையில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. அவளும் பிள்ளையும் மார்ச் முதல் வாரம் விமானம் ஏறுகிறார்கள். வாடகை வீட்டின் பின்புறம் முழுக்க சிமெண்ட் தரையாம். "அலாட்மெண்ட் என்று காய்கறி போட நிலம் தருவார்களாமே அக்கா, நமக்கும் கிடைக்குமா? வசந்தகாலம்தானே, வெண்டை, வழுதலங்காய் (கத்தரி) விதையெல்லாம் இங்கிருந்தே எடுத்துப் போகட்டுமா?"

மக்களே, நான் இப்போது பூதப்பாண்டியில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். கும்பப்பூ நெல் அறுவடையைப் பார்க்க வந்தேன். மார்ச் நடுவில் திரும்பியாக வேண்டும், உருளைக்கிழங்கு காத்திருக்கிறது. கொவெண்ட்ரியில் குடியேறி 19 வருடம்; அதில் 14 வருடமாக ஒரு துண்டு நிலம் என் கையில் இருக்கிறது.

பெட்டி கட்டும் நேரம் என்பதால் விதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எடுத்துப் போகாதே. நடுவதற்கான விதையையோ கன்றையோ தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி கிடையாது. கறிவேப்பிலைக் கன்றுக்கும் இதேதான். வெந்தயம், மிளகாய், வழுதலங்காய் விதையெல்லாம் அங்கேயே வாங்கலாம். லெஸ்டரில் பெல்கிரேவ் சாலைப் பக்கம் இந்தியக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. விதைக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு நல்ல தேங்காய்த் துருவியை வை.

நிலம் நமக்கும் கிடைக்கும். கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், வருட வாடகைக்கு விடும் இடம் அது. பழைய கணக்கில் முழு அளவு 10 ராட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் சென்ட். ஊரில் அது ஒரு வீடு கட்டி, முற்றத்தில் இரண்டு தென்னை வைக்கும் இடம். மண்வெட்டியோடு தனியாக நின்று பார்த்தால்தான் அதன் அகலம் தெரியும். கைப்பிள்ளைக்காரி நீ, பாதி போதும் என்று கேள். எங்கள் வீட்டில் அதை 'விளை' என்றுதான் சொல்வோம். அங்கே பிறந்த என் பிள்ளைகளும் "அம்மா விளைக்குப் போயிருக்கிறாள்" என்றுதான் சொல்கிறார்கள்.

வரிசை நீளமாக இருக்கும். சில இடங்களில் வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். போய் இறங்கிய வாரமே பெயரைப் பதிந்துவிடு. இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது: வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களோ கவுன்சில் வரி கட்டுகிறவர்களோ ஆறு பேர் சேர்ந்து நிலம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கவுன்சில் அதைப் பரிசீலித்தாக வேண்டும். காமன்வெல்த் நாட்டவர் என்பதால், விசாவில் இருக்கும் இந்தியர்களும் அங்கே வாக்காளராகப் பதிவு செய்யலாம். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாமலே வருடங்கள் போய்விடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இனி வசந்தகாலம். நான் தோற்றதும் கற்றதும் இங்கேதான். நிலம் கிடைத்த முதல் வருடம் மார்ச் கடைசியில் ஒரு வாரம் நல்ல வெயில். நம்மூர்க் கையல்லவா, சும்மா இருக்குமா? பீன்ஸ் விதைத்தேன், ஜன்னலோரம் வளர்த்த தக்காளி நாற்றையும் கொண்டுபோய் நட்டேன். விதை குளிர்ந்த மண்ணில் அழுகியது. தக்காளி ஓர் இரவு உறைபனியில் கறுத்துச் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா கேட்டார், "அங்கே மழை உண்டா?" உண்டு என்றேன். "மழை உண்டானால் பிறகென்ன தடை?" என்றார். அவர் ஆயுள் முழுக்கப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்து வயலில் இறங்கியவர். தண்ணீர் கால்மாட்டில் நிற்க, சூட்டுக்காகக் காத்திருக்கும் விவசாயத்தை அவருக்கு என்னால் விளக்க முடியவில்லை.

நாகர்கோவிலில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. லெஸ்டரில் டிசம்பர் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் 16 மணி நேரத்தைத் தாண்டும். வெளிச்சம் முதலில் வந்துவிடும், மண் மெதுவாகத்தான் சூடேறும். அந்த இடைவெளியில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். உறைபனி மே நடுவிலும் வரலாம்.

ஆகவே குளிர் தாங்குபவற்றை முதலில் இறக்கு. விதை உருளைக்கிழங்கை முட்டை அட்டையில் அடுக்கி, வெளிச்சத்தில் முளைவிட வைத்து, மார்ச் கடைசியில் நடலாம். என் கணவர் இந்நேரம் அடுக்கியிருப்பார். பட்டாணி, அகன்ற அவரை, சிறு வெங்காயம் மார்ச்சில் தாங்கும். ஏப்ரலில் பீட்ரூட், கேரட், வெந்தயக்கீரை, கொத்தமல்லி. தக்காளியும் மிளகாயும் ஜன்னலோரத் தொட்டியிலேயே வளரட்டும். மத்தனை (பூசணியை) ஏப்ரல் கடைசியில் தொட்டியில் முளைக்க வை. பிறகு பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கி, மே கடைசியில் மண்ணுக்கு மாற்று.

ஏப்ரல், மே மாதங்களில் விளை பச்சையாகத்தான் இருக்கும். பறிக்க மட்டும் அதிகம் இருக்காது. மனம் தளராதே. அந்த மாதங்களில் கைகொடுப்பது ருபார்ப். சிவந்த புளிப்புத் தண்டு. மாங்காய்க்குப் பதில் மீன்கறியில் போட்டுப் பார், அம்மாவே ஒப்புக்கொள்வாள். இலையை மட்டும் தொடாதே, அது நஞ்சு. நட்ட முதல் வருடம் தண்டையும் பறிக்கக் கூடாது.

ஓடில்லாத நத்தைகள் ஒரே இரவில் நாற்று வரிசையையே தின்றுவிடும். மழை பெய்த மாலைகளில் டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவேன். வேறு எந்த வழியும் எனக்கு இவ்வளவு பலன் தரவில்லை. வெள்ளை வேர் ஓடும் கொடிக்களையை மண்வெட்டியால் கொத்தி விடாதே. ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். மண் கிளறும் பெரிய முள்கரண்டியால் முழு வேரையும் கிளப்பி எடு.

மரச்சீனி, முருங்கை, ஏத்தன் வாழைக்குலை ஆகியவற்றுக்கு ஆசைப்படாதே. வெண்டைக்குக் கண்ணாடிக் குடில் வேண்டும். ஆனால் மத்தன் அங்கே கொள்ளாமல் காய்க்கும். இளம் இலையில் துவரன் வைக்கலாம்.

நிலம் வரும்வரை அந்தச் சிமெண்ட் தரையே போதும். கனமான பைகளில் உருளைக்கிழங்கு, தொட்டியில் கொத்தமல்லியும் மிளகாயும் வை. கொவெண்ட்ரியிலிருந்து லெஸ்டர் தொலைவில்லை. மே கடைசியில் என்னிடம் மத்தன் நாற்று மிச்சம் இருக்கும். ஒரு பெரிய தொட்டியைத் தயாராக வை, கொண்டுவந்து தருகிறேன்.