இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்த சுனிதி சாலமன், அதன்பின் என்ன செய்தார்?

அவர் கதையின் முதல் பாதி பலருக்கும் தெரியும். சுனிதி சாலமன் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தார். 1986இல் தன் மாணவி நிர்மலாவிடம், 'இங்கேயும் எச்.ஐ.வி. இருக்கிறதா, பார்' என்று ஆய்வுத் தலைப்பு கொடுத்தார். அது மேல்நாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று எல்லோரும் நம்பிய காலம். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்து, அதிலுள்ள சீரம் என்ற தெளிந்த திரவத்தைப் பிரித்துத் தன் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார். அப்புறம் ஐஸ் பெட்டியில் வைத்து, ரயிலில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே செய்த எலைசா என்ற எச்.ஐ.வி. சோதனையில் 6 மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், சுனிதியின் பெரிய வேலை அதற்குப் பிறகுதான். எச்.ஐ.வி. என்றாலே நோயாளியைத் தொடக்கூட மருத்துவமனைகள் தயங்கின. சுனிதி அரசு வேலையை விட்டு, 1993இல் தன் தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். சோதனை, ஆலோசனை, சிகிச்சை, ஆராய்ச்சி எல்லாம் ஒரே இடத்தில். நோயாளியின் கையைப் பிடித்துப் பேசுவார். கிருமியோடு வாழ்பவர்களுக்குள்ளேயே வரன் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார்! குடும்பம், படிப்போடு ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தார்கள். ஒதுக்கப்பட்டவர்களுக்குக் குடும்பம் என்ற நம்பிக்கையைக் கொடுத்ததை நான் மருத்துவம் என்றே சொல்வேன்.

2015இல் காலமானார். பத்மஸ்ரீ விருது 2017இல்தான் வந்தது.