பிரிந்தவர் கூடும் கதைக்கு யாரும் பட்டா வாங்கி வைக்கவில்லை

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது 44. கல்லூரியில் காதலித்துப் பிரிந்த இருவர் 19 வருடம் கழித்து ஒரு மருத்துவமனையில் சந்திப்பதாகத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். அவன் அம்மாவுக்காக, அவள் கணவனுக்காக, மூன்று நாள் ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கிறார்கள். படித்த நண்பர்கள் எல்லாரும் "இது '96' மாதிரியே இருக்கு, கேஸ் போட்டுடுவாங்க" என்கிறார்கள். தெரிந்த சினிமா கோ-ஆர்டினேட்டர் ஒருவர், 40,000 ரூபாய் கொடுத்தால் தானே கதையைப் பதிவு செய்து ஒரு பெரிய ஹீரோவின் மேனேஜரிடம் சேர்ப்பதாகச் சொல்கிறார். அதற்கு ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட வரும் சனிக்கிழமை கூப்பிட்டிருக்கிறார். கதையில் வரும் கடிதங்கள் மட்டும் நிஜம். என் பழைய காதலி எனக்கு எழுதியவற்றை அப்படியே சேர்த்திருக்கிறேன். என் மேல் வழக்கு வருமா?

பதில்: நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக வழக்கு வராது. வந்தாலும் நிற்காது. ஆனால் உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு விஷயங்கள்தான் எனக்குக் கவலையாக இருக்கின்றன. அந்த ஸ்டாம்ப் பேப்பர் ஒன்று, அந்தக் கடிதங்கள் இன்னொன்று.

முதலில் நண்பர்களின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். பிரிந்தவர்கள் பல வருடம் கழித்துச் சந்திப்பது என்பது ஒரு கரு. கருவுக்குக் காப்பிரைட் கிடையாது. அதை நீங்கள் எப்படிச் சொன்னீர்களோ, அந்தச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. நளனும் தமயந்தியும் காட்டில் பிரிந்து, வருடங்கள் கழித்து அவன் உருமாறிச் சமையல்காரனாக வந்து நிற்கும்போது, அவன் சமைத்ததை வாங்கி ருசித்துப் பார்த்து அவள் சந்தேகப்படுகிறாள். பிரிந்து கூடுவது எல்லாருக்கும் பொது. உருமாறி வந்தவனைச் சமையல் ருசியில் பிடிப்பது அந்தக் கதை சொன்னவனின் சொந்தச் சரக்கு. நம் சினிமாவிலேயே 2018-ல் '96' வருவதற்கு முன் 2002-ல் 'அழகி'யும் 2004-ல் 'ஆட்டோகிராஃப்'பும் பழைய காதலைத் திரும்பிப் பார்த்தாயிற்று. அவை ஒன்றுக்கொன்று நகல் என்று யாராவது சொல்வார்களா?

இதில் உச்ச நீதிமன்றம் 1978-ல் சொன்ன தீர்ப்பைத்தான் இன்றுவரை எல்லா நீதிமன்றங்களும் எடுத்துப் பேசுகின்றன. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் டெல்லியில் ஒரு நாடகம் போட்டார். பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், பிள்ளைகளுக்குள் காதல், ஊர்ப் பற்றால் வரும் சண்டை. சினிமாக்காரர்கள் அவரிடமே வந்து நாடகத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள். 1956-ல் அதே கருவில் 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் வந்தது. அவர் வழக்குப் போட்டார். விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், மூன்றிலும் தோற்றார். இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ரசிகனுக்கு 'இது அதன் நகல்தான்' என்று சந்தேகமே இல்லாமல் தோன்ற வேண்டும், கரு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்றது நீதிமன்றம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் '96' படத்தின் முக்கியமான பத்துப் பன்னிரண்டு சம்பவங்களை வரிசையாக எழுதுங்கள். பள்ளித் தோழர்கள் கூடுவது, ஒரே இரவு, ஊரைச் சுற்றுவது, கடைசியில் விமான நிலையம். வலது பக்கம் உங்களுடையது. ஐ.சி.யூ. வாசல் பிளாஸ்டிக் நாற்காலி, அவள் கணவனின் மருந்துச் சீட்டை இவன் வாங்கிக்கொண்டு ஓடுவது, டிஸ்சார்ஜ். நீங்கள் சொன்ன அளவில் இரண்டும் எங்கும் ஒட்டவில்லை. சம்பவங்களும் அவற்றின் வரிசையும் முடிவும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் பயப்பட வேண்டும். மழை, பழைய போட்டோ, பாதியில் நிற்கும் பேச்சு, இதெல்லாம் இந்த வகைக் கதையில் யார் எழுதினாலும் வரும். அதற்காக நடுங்காதீர்கள்.

அப்புறம், ஆனந்த் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. உங்களைக் காப்பாற்றும் அதே சட்டம், நாளைக்கு உங்கள் கருவைக் கேட்டுவிட்டுப் போய் வேறு மாதிரி எடுப்பவரையும் காப்பாற்றும். 'ஐ.சி.யூ. வாசலில் பழைய காதலர்கள்' என்ற ஒற்றை வரியை நீங்கள் எங்கே சொன்னாலும் அது சொன்ன இடத்திலேயே போய்விடும். ஆகவே ஒன்லைனை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். காட்சி காட்சியாக, வசனத்தோடு எழுதி முடித்த பிரதி கையில் இருக்கும்போதுதான் உங்களிடம் சட்டப்படி ஒரு சொத்து இருக்கிறது.

அந்த சொத்தைத்தான் சனிக்கிழமை ஒருவர் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கப் பார்க்கிறார்.

இருபது வருடமாக இந்த வழக்குகளைப் பார்க்கிறேன். பெரிய கம்பெனி கதையைத் திருடிவிட்டது என்று என்னிடம் வந்தவர்களைவிட, நடுவில் நின்ற ஒரு ஆளிடம் கையெழுத்தைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். எல்லாரிடமும் ஒரே பேச்சு: "சார், வெறும் ஃபார்மாலிட்டிதான்." ஒரு பையன் கொண்டு வந்த தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர் ஒன்று, அதற்குப் பின்னால் இரண்டு வெள்ளைத் தாள், மூன்றும் ஆங்கிலத்தில். முதல் பக்கத்தில் அவன் பெயரும் கதையின் தலைப்பும் பெரிதாக. மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துக்கு நாலு வரி மேலே, உலகம் முழுவதும், என்றென்றைக்கும், எல்லா மொழிகளிலும் எல்லா உரிமையும் எதிர்த் தரப்புக்கு என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி, பிரிவு 19(4) பொருந்தாது. அவன் வாங்கிய பணம் 5,001 ரூபாய். இரண்டு வருடம் கழித்து அவனே ஒரு தயாரிப்பாளரைப் பிடித்து, பூஜைக்குத் தேதி குறித்த பிறகு, அந்த ஆள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். சொந்தக் கதையைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கினான்.

அந்த 19(4) என்ன என்று புரிந்துகொள்ளுங்கள், கடினமில்லை. காப்பிரைட் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எழுதியவனுக்கு நியாயம் செய்யத்தான் இருக்கிறது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள். வாங்கியவர் ஒரு வருடம் அதை வைத்து ஒன்றும் செய்யாவிட்டால் கொடுத்த உரிமை காலாவதி, இதுதான் 19(4). இவ்வளவு நல்ல ஏற்பாட்டைச் செய்துவிட்டு, 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய' என்று ஒரு வாலையும் வைத்தார்களே, அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள். இதைத் திருத்துங்கள் என்று எங்களைப் போன்றவர்கள் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம்.

'பதிவு செய்து தருகிறேன்' என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மத்திய அரசின் காப்பிரைட் அலுவலகத்தில் இணையம் வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம். திரைக்கதை இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் வரும். கட்டணம் 500 ரூபாய். ஆமாம், ஐந்நூறுதான். அந்தப் படிவத்தில் எழுதியவர் யார், விண்ணப்பிப்பவர் யார் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு ஆள் என்றால், எழுதியவரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். உங்களிடம் முன்கூட்டியே கையெழுத்து ஏன் கேட்கிறார் என்பது இப்போது புரிகிறதா? நல்ல மனதோடு உதவுகிறவருக்கு உங்கள் கையெழுத்து எதற்கு? உங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாமே.

ஹீரோவின் மேனேஜர் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதை கேட்கக் காசு வாங்குகிறவரை நம்பாதீர்கள். கதை பிடித்தால் பணம் உங்களிடம் வர வேண்டும், உங்களிடமிருந்து போகக் கூடாது.

சரி, நீங்களே பதிவு செய்வது எப்படி? விண்ணப்பித்ததும் டைரி எண், அதாவது உங்கள் விண்ணப்பத்துக்கான எண், கிடைக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். அதன்பின் ஆய்வாளர் பார்ப்பார், ஒரு குறை எழுதி அனுப்புவார், நீங்கள் பதில் போடுவீர்கள், மாதங்கள் ஓடும். ஒரு 112 பக்க ஸ்கிரிப்டை வாங்கி முத்திரை குத்துவதற்கு ஏன் இத்தனை மாதம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் சான்றிதழ் வரவில்லையே என்று நீங்கள் கை கட்டி நிற்க வேண்டாம். எழுதிய நொடியிலேயே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு என்பது எப்போது எழுதினீர்கள் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். சினிமா எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைப்பதும் அப்படித்தான். 2018-ல் ஒரு பெரிய தீபாவளிப் படத்தின் கதை விவகாரத்தில், உதவி இயக்குநர் ஒருவர் பத்து வருடத்துக்கும் முன்னால் சங்கத்தில் பதிந்து வைத்திருந்த கதைதான் அவருக்குக் கைகொடுத்தது. உயர் நீதிமன்றத்தில் சமரசமாகப் போய், அவருக்கு அங்கீகாரம் தர ஒப்புக்கொண்டார்கள். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்வதை மட்டும் நம்பாதீர்கள். நீதிமன்றத்தில் அதற்கு அவ்வளவு மரியாதை இல்லை. கதை சொல்லிவிட்டு வந்த அன்றே, "இன்று உங்களிடம் இந்தத் தலைப்பில் என் திரைக்கதையைச் சொன்னேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பணிவாகவும் இருக்கும், ஆதாரமாகவும் இருக்கும்.

இப்போது கடிதங்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் மேல் நியாயமாக வழக்கு வரக்கூடிய ஒரே இடம் இதுதான்.

"எனக்குத்தானே எழுதினாள்" என்று உங்களுக்குத் தோன்றும். கடிதம் உங்களுடையதுதான். அந்தக் காகிதம், அந்த இன்லாண்டு லெட்டர், மடித்த இடத்தில் கிழிந்திருந்தாலும் உங்கள் சொத்து. அதை பீரோவில் வைக்கலாம், எடுத்துப் படிக்கலாம், எரிக்கவும் செய்யலாம். ஆனால் அதில் இருக்கும் வாக்கியங்கள் எழுதியவருடையவை. கடையில் வாங்கிய நாவல் உங்களுடையது, ஆனால் அதை அச்சடித்து விற்கும் உரிமை உங்களுக்கு இல்லை அல்லவா, அதே கணக்கு. எழுதியவர் வாழும்வரை, அதற்குப் பின்னும் குறைந்தது 60 வருடம், அந்த உரிமை நிற்கும். சொந்தமாகப் படிக்கவும் ஆராயவும் சட்டம் இடம் கொடுக்கிறது. படத்தில் கதாநாயகியின் குரலில் வாசிக்க இடம் கொடுக்கவில்லை. வரிக்கு ஒரு சொல்லை மாற்றினாலும் அது நகல்தான். பேச்சுவழக்குக்கு மாற்றி வசனமாக்கினாலும் அவருடையதுதான். அவர் நடுவில் ஒரு சினிமாப் பாட்டு வரியை எழுதியிருந்தால், அந்த வரி அவருடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. அதற்குத் தனியாக உரிமை வாங்க வேண்டும்.

காப்பிரைட்டோடும் முடியவில்லை. ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் ஆட்டோ சங்கர் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கல்லூரியின் பெயர், விடுதியின் பெயர், பஸ் ரூட், கையெழுத்துக்கு மேலே அவர் வழக்கமாகப் போடும் அந்தச் செல்லப் பெயர், எல்லாம் அப்படியே இருந்தால், அவர் வீட்டில் ஒருவர் டிவியில் பார்த்தாலே போதும். இன்று அவருக்கென்று ஒரு குடும்பம் இருக்கும். உங்கள் கதையில் அவள் கணவனுக்காக எத்தனை பரிவோடு எழுதியிருக்கிறீர்கள், அதே பரிவை வெளியில் இருக்கும் அந்த நிஜப் பெண்ணுக்கும் காட்டுங்கள்.

எழுத்தில் அனுமதி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும், சட்டப்படி. ஆனால் இத்தனை வருடம் கழித்து அனுமதிப் பத்திரத்தோடு அவருக்கு போன் செய்யச் சொல்லி நான் ஒருபோதும் ஆலோசனை தர மாட்டேன். அவர் உங்களுக்குக் கடிதம் எழுதினார் என்ற செய்தியை நீங்கள் பயன்படுத்தலாம், செய்திக்கு உரிமை இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் எழுதினார், பென்சிலில் எழுதினார், 'பதில் போடாதே' என்ற பொருளில் முடித்தார் என்பதெல்லாம் வரலாம். வார்த்தைகளை நீங்களே புதிதாக எழுதுங்கள். ஊரை மாற்றுங்கள், அந்தச் செல்லப் பெயரை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள் நேர்மாறு. காகிதம் அவரிடம் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், ஆனால் வாக்கியங்கள் உங்களுடையவை. நினைவில் இருப்பதை எழுதி அவற்றைத் தாராளமாகப் போடுங்கள். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் கடிதங்களை மாற்றுங்கள், பிறகு அந்தத் திருத்திய பிரதியைப் பதிவு செய்யுங்கள். வரிசையை மாற்றிவிடாதீர்கள், இல்லாவிட்டால் அவருடைய வரிகளை உங்கள் பெயரில் பதிந்துவைத்ததாக ஆகிவிடும். திருத்த ஒரு வாரம் ஆகுமா, ஆகட்டும். சனிக்கிழமை போகாதீர்கள். "நானே பதிவு செய்துகொள்கிறேன் சார்" என்று ஒரு மெசேஜ் போதும். ஸ்கிரிப்டின் பி.டி.எஃப்.-ஐ ஏற்கெனவே அந்த கோ-ஆர்டினேட்டருக்கு அனுப்பியிருந்தால், அனுப்பிய தேதி தெரியும்படி அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வையுங்கள்.